வண்ண மீன்களை ஃபிளாஷ் வைத்துப் படமெடுக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் தொட்டி இருக்கிறது, கேமராவும் இருக்கிறது, ஆனால் மீன் மட்டும் படத்தில் சரியாக வருவதில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஆசையாக வாங்கிவந்த ஏஞ்சல் மீன் தொட்டிக்குள் மினுமினுக்கும். படத்திலோ பழுப்பாக, கலங்கலாக இருக்கும். கூடவே கண்ணாடியில் உங்கள் சட்டையும் ட்யூப்லைட்டும் தெரியும். உடனே பலர் வேறு லென்ஸ் தேடப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் குறை லென்ஸில் இல்லை, வெளிச்சத்தில்தான். தொட்டி விளக்கு நம் கண்ணுக்குத் தாராளம். நீந்துகிற மீனை அசையாமல் பிடிக்க அது போதாது.

இதற்கு வழி, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தொட்டிக்கு மேலே கொண்டுபோவதும், கேமராவை முழுக்க மேனுவலில், அதாவது எல்லா அளவையும் நாமே வைக்கும் முறையில், வைப்பதும். இதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாட்டில் பாதி, எதை முதலில் செய்வது என்று யாரும் சொல்லாததால் வந்தது. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்துபாருங்கள்.

இது உங்கள் வீட்டுத் தொட்டிக்கான முறை. பொது மீன் காட்சியகங்களில் பெரும்பாலும் ஃபிளாஷுக்கு அனுமதி கிடையாது. மீன் கடைகளிலும் உரிமையாளரைக் கேட்காமல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

கேமரா: மேனுவல் மோடும் ஹாட்ஷூவும் (கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) உள்ள எதுவும் போதும். பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் கூடச் சரிதான். போனில் இந்த முறை வராது.

லென்ஸ்: கேமராவோடு வந்த 18-55 லென்ஸிலேயே தொடங்கலாம். இந்த லென்ஸ்கள் சென்சாரிலிருந்து சுமார் 25 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் ஆகும். ஏஞ்சல், ஆஸ்கர், கௌராமி அளவு மீன்களுக்கு அது தாராளம். நியான் டெட்ரா, கப்பி போன்ற பொடி மீன்கள் படம் முழுக்க வர வேண்டும் என்றால் 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் (மிக நெருக்கத்தில் எடுப்பதற்கான லென்ஸ்) வேண்டும். அதை முதல் நாளே வாங்காதீர்கள். 50 மி.மீ. லென்ஸ் கையில் இருந்தால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வளையம்) போட்டுச் சில மாதம் சமாளிக்கலாம்.

ஃபிளாஷ்: மேனுவல் ஃபிளாஷே போதும். ஆட்டோவில் தானே அளவு பார்த்துக்கொள்ளும் டிடிஎல் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், இந்த வேலைக்கு அது உதவாது. கறுப்புப் பின்னணியில் ஒரு சின்ன வெள்ளி மீனைப் பார்த்தால் டிடிஎல் குழம்பி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு அளவு வெளிச்சம் கொடுக்கும். கோடாக்ஸ் டிடி600 போன்ற ஒன்று நான் விசாரித்தபோது ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. சோனி கேமரா என்றால் அதற்கென்று உள்ள டிடி600எஸ் கேட்டு வாங்குங்கள்.

ஃபிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்க மூன்று வழி இருக்கிறது. ரேடியோ ட்ரிக்கர் நாலாயிரம், ஐயாயிரம் ஆகும், தொல்லை குறைவு. ஒயர் சில ஆயிரத்துக்குள் முடியும், நம்பகமானது, ஆனால் இருட்டில் கை தட்டி இழுத்துவிடும் என்பதால் தண்ணீருக்கு மேல் எனக்கு அது பயம். மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. கேமராவிலேயே உள்ள பாப்-அப் ஃபிளாஷை எழுப்பி, வெளி ஃபிளாஷை ஸ்லேவ் மோடில் வைத்தால் அந்த வெளிச்சத்தைப் பார்த்து இதுவும் அடிக்கும். எஸ்1, எஸ்2 என்று இரண்டு மோடு இருந்தால் எஸ்2 வையுங்கள். பாப்-அப் ஃபிளாஷ் முன்கூட்டியே ஒருமுறை மின்னிப் பார்க்கும், எஸ்2 அதைக் கண்டுகொள்ளாது. பாப்-அப் வெளிச்சம் நேரே கண்ணாடியில் போய் விழாதபடி அதன் முன்னால் ஒரு அட்டையை மடித்து, வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும்.

பேட்டரி: ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கு, முடிந்தால் எட்டு. சாதாரண செல் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஃபிளாஷ் மறுபடி தயாராக நீங்கள் காத்திருக்க வேண்டிவரும், மீன் காத்திருக்காது.

மற்றதெல்லாம் சில்லறைச் செலவு. பின்னணிக்குக் கறுப்பு வெல்வெட் துணி ஒரு மீட்டர், வெளிச்சத்தைப் பரப்ப ட்ரேசிங் பேப்பர் அல்லது வெள்ளை அக்ரிலிக் துண்டு, கறுப்பு சார்ட் பேப்பர் இரண்டு. ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. விலையெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கக் கூடாதது ஒன்றும் உண்டு. கண்ணாடிப் பிரதிபலிப்பைப் போக்க போலரைசர் ஃபில்டர் போடச் சொல்வார்கள். சாய்வாகப் பார்க்கும் கண்ணாடியில்தான் அது வேலை செய்யும். மீன் தொட்டியை நாம் எடுப்பது நேருக்கு நேர். அங்கே அது பிரதிபலிப்பைத் தொடாது, வெளிச்சத்தை மட்டும் விழுங்கும்.

2. பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் கேமராவின் ஹாட்ஷூவைக் குனிந்து பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு தொடுபுள்ளி இருக்க வேண்டும். கேனான் 200டி மார்க் 2, 3000டி போன்ற சில மாடல்களில் அது கிடையாது. அந்த ஒற்றைப் புள்ளியை நம்பி இயங்கும் மலிவு ட்ரிக்கர்கள் அதில் அடிக்கவே அடிக்காது. இணையத்தில் வாங்கி, வரவில்லை என்று திருப்பி அனுப்பி அலைவதைவிட, கேமராவைக் கடைக்கே எடுத்துப்போய் மாட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்து வாங்குவது மேல். ட்ரிக்கர் உங்கள் கேமரா கம்பெனிக்கானதா என்றும் பாருங்கள். ஒரே பெயரில் கேனான், நிக்கான், சோனி என்று தனித்தனியாக விற்கிறார்கள், பெட்டியின் ஓரத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் ஐந்நூறு, எழுநூறு குறைத்துத் தருவார்கள். எனக்கு அப்படி ஒரு கடையில் வாங்கிய ட்ரிக்கர் இரண்டு மாதத்தில் நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வியே பில் எங்கே என்பதுதான். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா, அது பொருளில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். வாரண்டி அட்டையில் முத்திரையும் தேதியும் வேண்டும். பில் வெயில் பட்டால் வெளுத்துப்போகும் காகிதத்தில் வரும், அன்றைக்கே போனில் படமெடுத்து வைத்துவிடுங்கள்.

பழைய ஃபிளாஷ் வாங்குவதானால் முழு பவரில் பத்து முறை தொடர்ந்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தயாராக ஆகும் நேரம் கூடிக்கொண்டே போனால் வேண்டாம். பேட்டரி அறையின் கம்பிகளில் பச்சை பூத்திருந்தாலும் வேண்டாம்.

3. தொட்டி: முந்தின நாளே தொடங்குங்கள்

படமெடுக்கும் நாளில் தண்ணீர் மாற்றாதீர்கள். புதுத் தண்ணீர் ஊற்றிய சில மணி நேரம் கண்ணாடியிலும் செடியிலும், சில சமயம் மீனின் செதில் மேலும்கூட, குண்டூசித் தலை அளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஃபிளாஷ் அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளி. முந்தின நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றி, வழக்கம்போலக் குளோரின் நீக்கும் மருந்து விட்டு, இரவு முழுக்க ஃபில்டர் ஓடட்டும். ஃபில்டரில் புதுப் பஞ்சு வைத்தால் மிதக்கும் தூசி குறையும். பழைய பஞ்சை முழுவதுமாக எறியாதீர்கள், தொட்டிக்குத் தேவையான பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது.

உள்பக்கக் கண்ணாடியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் பாசி வந்துவிடும். அக்ரிலிக் தொட்டி என்றால் கார்டு வேண்டாம், கீறிவிடும், மென்மையான பஞ்சு போதும். வெளிப்பக்கம் தண்ணீர்க்கோடு படிந்த இடத்தில் வெள்ளையாக உப்பு நிற்கும். சென்னை போர் தண்ணீரில் இது தப்பாது. துணியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேய்த்தால் போகும். சோப்பும் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

இரை: படமெடுப்பதற்கு முன் போடாதீர்கள். மீன் இரையைத் துப்பும், துகள் மிதக்கும், அரை மணியில் கழிவும் வரும். எடுத்து முடித்த பிறகு போடுங்கள்.

பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்பு வெல்வெட்டை ஒட்டுங்கள். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டால் கறுப்பு இன்னும் ஆழமாக வரும்.

தனியாகப் படமெடுக்க ஒரு சின்னத் தொட்டி செய்துகொள்வது நல்ல யோசனை. ஓர் அடி நீளம், அரையடி அகலம் இருந்தால் போதும். தொட்டி ஒட்டுபவர்களிடம் சொன்னால் செய்து தருவார்கள். கூடவே உள்ளே செங்குத்தாக நிற்கிற அளவில் ஒரு கண்ணாடித் தகடும் வெட்டி வாங்குங்கள். அந்தத் தகட்டை உள்ளே நிறுத்தினால் மீன் முன்பக்கக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நீந்தும், ஃபோகஸ் பாதி வேலை முடிந்தது. தகட்டின் ஓரங்களை வழவழப்பாகத் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீனின் துடுப்பு கிழியும். இந்தத் தொட்டிக்குத் தண்ணீர் பெரிய தொட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும், குழாயிலிருந்து அல்ல.

4. அறையை இருட்டாக்குங்கள்

இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்குவது வசதி. ஜன்னல் திரை, ட்யூப்லைட், டிவி, மோடத்தின் பச்சை விளக்கு, எல்லாம் அணைய வேண்டும். தொட்டி விளக்கு மட்டும் எரியட்டும். அது ஃபோகஸுக்கு உதவும், மீனும் பயப்படாது.

கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு லென்ஸில் மாட்டினால் கேமராவின் வெள்ளி எழுத்து, உங்கள் விரல், மோதிரம் எதுவும் கண்ணாடியில் தெரியாது. பார்க்கக் கேலியாகத்தான் இருக்கும், வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. லென்ஸ் கண்ணாடிக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வ்யூஃபைண்டரில் பாருங்கள்: முன் கண்ணாடியில் உங்கள் லென்ஸின் பிம்பம் தெரியும். அது படத்தின் நட்டநடுவில் இருந்தால் நேராக நிற்கிறீர்கள். ஓரத்துக்குப் போனால் சாய்ந்திருக்கிறீர்கள். சாய்வாக எடுத்தால் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து வெளிச்சத்தை வளைத்து, மீனின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகப் பிசிறு அடிக்கும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் அங்கே தோற்றுப்போகும். படம் கூர்மையாக இல்லை என்று புலம்புபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

5. ஃபிளாஷை எங்கே வைப்பது

தொட்டிக்கு மேலே, கீழ்நோக்கி. இதுதான் முழுக் கட்டுரையின் சாரம். மீனுக்கு வெளிச்சம் மேலிருந்து வருவதுதான் இயல்பு, அதன் நிறமும் அப்போதுதான் எடுபடும். முன்னாலிருந்து அடித்தால் கண்ணாடி மின்னும், தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் பனி பெய்வதுபோல் தெரியும்.

தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஃபிளாஷ் இருக்கட்டும். தொட்டியின் நடுவுக்கு மேல் வைக்காமல் முன்பக்கக் கண்ணாடிக்கு நெருக்கமாக வையுங்கள். நடுவில் வைத்தால் மீனின் முதுகும் பின்புறமும் ஒளிரும், நம்மைப் பார்க்கும் பக்கம் இருட்டாக இருக்கும். தலையைச் சற்றே பின்பக்கம் சாய்த்துவிட்டால் பக்கவாட்டில் வெளிச்சம் வழியும். சில தொட்டிகளில் மேலே குறுக்காகக் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அதன் நிழல் மீன்மேல் கோடாக விழும், ஃபிளாஷை நகர்த்திப் பாருங்கள்.

ஃபிளாஷின் முன் ட்ரேசிங் பேப்பரோ வெள்ளை அக்ரிலிக்கோ வேண்டும், இதைத்தான் டிஃப்யூசர் என்பார்கள். வெறும் ஃபிளாஷ் அடித்தால் தண்ணீரின் சிறு அலைகள் மீனின் முதுகில் வெள்ளை நெளிவுகளாக விழும். ஏர் பம்ப்பையும் ஃபில்டரையும் நிறுத்தினால் அலை அடங்கும். அரை மணிக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள், போனில் அலாரம் வைத்துவிட்டுத்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். படமெடுக்கும் மும்முரத்தில் ஃபில்டர் மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கும்.

முன்பக்கக் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு கறுப்பு அட்டையைப் பட்டையாக நிறுத்துங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் லென்ஸிலும் கண்ணாடியின் வெளிப்பக்கத் தூசியிலும் வழியாமல் தடுக்கும். இந்த இரண்டு ரூபாய் அட்டை இல்லாமல் படம் வெளிறிப்போய், மூட்டமாக இருக்கும்.

வயிறு இருட்டாக வருகிறதா? அடியில் வெளிர் மணல் இருந்தால் அதுவே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். சின்னத் தொட்டியில் அடிக் கண்ணாடிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் போதும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. ஃபிளாஷுக்குள் இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், ஆஃப் செய்த பிறகும் சிறிது நேரம் இருக்கும். அது தண்ணீரில் விழுந்தால் ஃபிளாஷோடு போகும் என்று நினைக்காதீர்கள். தொட்டியின் கண்ணாடி மூடியைத் துடைத்து, மூடியே போட்டு, அதன் வழியாக அடியுங்கள். மூடி இல்லை என்றால் மெல்லிய அக்ரிலிக் தகடு ஒன்றைப் பரப்புங்கள். ஃபிளாஷைப் புத்தகம் அடுக்கி அதன்மேல் நிறுத்துவது வேண்டாம். ஸ்டாண்டில் திருகிப் பூட்டி, ஒரு கயிற்றால் ஜன்னல் கம்பியிலோ அலமாரியிலோ கட்டுங்கள். விழுந்துவிட்டால் கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். தொட்டியின் எல்லாப் பிளக்கையும் முதலில் பிடுங்குங்கள்.

6. கேமரா: முதல் படம் முழுக் கறுப்பாக வர வேண்டும்

மோடை எம்மில் (மேனுவல்) வையுங்கள். ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/160 நொடி, அபர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200. ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க வேண்டும், எம் மோடுக்குப் போனாலும் அது பல கேமராக்களில் தானாக அணைவதில்லை. ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) ஃபிளாஷ் குறியிலோ 5500 கெல்வினிலோ நிறுத்துங்கள். ஃபைல் ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவம்).

இப்போது ட்ரிக்கரை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். படம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்தால், அறை வெளிச்சமோ தொட்டி விளக்கோ உங்கள் படத்தில் கலக்கவில்லை, இனி வருவதெல்லாம் ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும்தான் என்று அர்த்தம். மீன் மங்கலாகத் தெரிந்தால் தொட்டி விளக்கைக் குறையுங்கள், அல்லது ஐஎஸ்ஓவை 100க்கு இறக்குங்கள். இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள். பல நிற விளக்குகள் உள்ள எல்இடி தொட்டிகளில் படம் ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் பச்சை என்று வருவதற்கு இந்தக் கலப்புதான் காரணம்.

ஷட்டரை 1/1000 வைத்தால் மீன் இன்னும் கூர்மையாக வராதா என்று கேட்பீர்கள். வராது. ஒவ்வொரு கேமராவுக்கும் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் ஒன்று உண்டு. கேனான், நிக்கான் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலும் 1/200, சோனி ஏ6400 போன்றவற்றில் 1/160. அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். மீனை அசையாமல் பிடிப்பது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ் மின்னும் நேரம். டிடி600 முழு பவரில் ஏறத்தாழ 1/300 நொடி மின்னும், மிகக் குறைந்த பவரில் 1/20,000 நொடிதான். அறை இருட்டாக இருப்பதால் அந்த மின்னலில் விழுந்ததுதான் படம். அந்த உச்ச வேகத்தைத் தாண்டியும் ஃபிளாஷ் அடிக்க வைக்கும் எச்எஸ்எஸ் என்ற வசதியை அணைத்தே வையுங்கள். அது ஃபிளாஷை நீட்டி அடிக்கும், வெளிச்சமும் குறையும்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. திரை கும்மிருட்டாக இருந்தால் எக்ஸ்போஷர் சிமுலேஷன் (எடுக்கப்போகும் படத்தின் வெளிச்ச அளவைத் திரையில் காட்டும் வசதி), அல்லது உங்கள் கேமராவில் அதற்கு என்ன பெயரோ அதை, மெனுவில் அணையுங்கள். ஃபிளாஷ் அடிக்கவே இல்லை என்றால் சைலண்ட் ஷட்டர் போட்டிருக்கிறீர்களா பாருங்கள்.

7. ஃபிளாஷ் அளவை ஏற்றி இறக்குவது

ட்ரிக்கரைப் போட்டு, ஃபிளாஷை 1/16 பவரில் வைத்து, ஜூம் தலையை 35இல் நிறுத்தி முதல் படம் எடுங்கள். இருட்டாக இருந்தால் 1/8. இன்னும் வேண்டுமென்றால் 1/4க்குப் போகும் முன் ஃபிளாஷை நெருக்கமாக இறக்குங்கள், அல்லது ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள். 1/4ஐத் தாண்டி ஏறினால் மின்னும் நேரம் நீளும், வேகமாக நீந்தும் டெட்ராவின் வால் கலங்கும், பேட்டரியும் தீரும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். அதனால் உயரத்தை ஒரு தடவை முடிவுசெய்துவிட்டு அசைக்காமல் பவரை மட்டும் மாற்றுவது நல்லது.

கேமரா திரையின் பளபளப்பை நம்பாதீர்கள், இருட்டறையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், வெளுத்த இடம் மின்னும்படி மெனுவில் வையுங்கள். செதிலில் ஒன்றிரண்டு புள்ளி மின்னினால் பரவாயில்லை, மீனின் பக்கம் முழுக்க மின்னினால் பவரைக் குறைக்க வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். என்ன மீன், ஃபிளாஷ் உயரம், பவர், அபர்ச்சர், டிஃப்யூசர் எது. ஷட்டரும் ஐஎஸ்ஓவும் ஃபைலிலேயே பதிவாகும், ஃபிளாஷ் உயரம் எங்கேயும் பதிவாகாது. அடுத்த மாதம் நோட்டைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பழையபடி நிறுத்திவிடலாம்.

8. ஃபோகஸ்

கண்ணில். வால் கலங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள், கண் கலங்கினால் படம் போச்சு. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்து, தொடர் ஃபோகஸில் வைத்து மீனின் கண்ணோடு நகருங்கள். மேக்ரோவில் நெருங்கிவிட்டால் எஃப் 11இல்கூடக் கூர்மை சில மில்லிமீட்டர்தான். அப்போது மீன் கண்ணாடிக்கு இணையாக, பக்கவாட்டில் வரும் நொடியில் மட்டும் அழுத்துங்கள். தலை நம் பக்கமும் வால் பின்பக்கமும் திரும்பியிருந்தால் விட்டுவிடுங்கள். அபர்ச்சரை எஃப் 22 வரை இறுக்கினால் ஆழம் கூடும், ஆனால் படமே மழுங்கிவிடும். சின்ன சென்சார் கேமராக்களில் 11, மிஞ்சினால் 13.

ஆட்டோ ஃபோகஸ் கண்ணாடிக் கீறலைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால் மேனுவலுக்கு மாறுங்கள். ஒரு தூரத்தில் ஃபோகஸை நிறுத்தி, மீன் அந்த இடத்துக்கு வரும்போது அடியுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு நடைபாதை உண்டு. ஏஞ்சல் அதே செடியைச் சுற்றி வரும், கோரி அதே மூலையில் மண்ணைக் கிளறும். கேமராவைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலே அது பிடிபட்டுவிடும்.

9. மீனுக்கு மீன் மாறும்

வெள்ளி மீன்கள்: சில்வர் ஷார்க், அரோவானா போன்றவற்றின் செதில் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பும். பவரை ஒரு படி இறக்குங்கள், டிஃப்யூசரைப் பெரிதாக்குங்கள்.

கறுப்பு மோலி, கறுப்பு கோஸ்ட்: ஒரு படி ஏற்றுங்கள். கறுப்பு வெல்வெட்டில் இவை காணாமல் போய்விடும், பின்னணியில் நீலச் சார்ட் மாட்டுங்கள்.

ஃபைட்டர்: பலரும் இதற்காகத்தான் இந்த வேலையில் இறங்குகிறார்கள். சின்னத் தொட்டிக்கு மாற்றும்போது வலை வேண்டாம், துடுப்பு கிழியும், ஒரு கப்பில் தண்ணீரோடு மொண்டு விடுங்கள். புது இடத்தில் நிறம் வெளுத்திருக்கும், அது திரும்பும்வரை காத்திருங்கள். பிறகு பக்கவாட்டுக் கண்ணாடியில் சின்ன முகக்கண்ணாடி ஒன்றைக் காட்டினால் எதிரி என்று நினைத்துச் செவுள் விரித்து, துடுப்பெல்லாம் விசிறியாகத் திறந்து நிற்கும். அந்த நொடிதான் படம். ஓரிரு நிமிடத்துக்கு மேல் காட்டாதீர்கள், மீன் களைத்துவிடும். இரண்டாவது ஃபிளாஷ் இருந்தால் அதைப் பின்பக்கம் ஓரமாக, லென்ஸுக்குத் தெரியாத கோணத்தில் வைத்து மிகக் குறைந்த பவரில் அடித்துப் பாருங்கள். துடுப்பின் நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மேல் ஃபிளாஷ் மட்டும் வைத்து இந்த மாதிரி வரவே வராது.

கப்பி: நிற்காது. கண்ணாடித் தகடு போட்ட சின்னத் தொட்டியும் பொறுமையும்தான் மருந்து.

10. மீனுக்குத் தொல்லையா?

மீனுக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ள முடியாது. முதல் சில மின்னலுக்குத் துள்ளும், அப்புறம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஆனாலும் சில விஷயங்களில் கவனம் வேண்டும். விளக்கணைந்து தூங்கிக்கொண்டிருக்கும் தொட்டியில் திடீரென்று ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தொட்டி விளக்கைப் போட்டு இருபது நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். முதல் படங்கள் குறைந்த பவரில் இருக்கட்டும். துள்ளும் வகை மீன் என்றால் மூடி இல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

மீன் மூலையில் ஒதுங்கினாலோ, துடுப்பை ஒடுக்கினாலோ, நிறம் வெளுத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நோய்வாய்ப்பட்ட மீன், கடையிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகாத மீன், முட்டையோ குஞ்சோ காக்கும் ஜோடி, இவற்றை விட்டுவிடுங்கள்.

11. எடுத்த பிறகு

முதலில் ஃபில்டர், ஏர் பம்ப், ஹீட்டர் சுவிட்சுகளைப் பாருங்கள். அப்புறம் இரை. ஃபிளாஷிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ட்ரிக்கரிலும்தான், அதை எல்லோரும் மறக்கிறார்கள். தொட்டிப் பக்கம் ஈரம் அதிகம், லென்ஸை அங்கேயே வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

கணினியில் பெரிய வேலை இல்லை. ரா படங்களைத் திருத்தும் மென்பொருள்களில் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், ஏதாவது ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடி தடிமனாக இருந்தால் படத்தில் லேசாகப் பச்சை ஏறும், ஒயிட் பேலன்ஸில் அதைச் சரிசெய்யுங்கள். கறுப்பைக் கொஞ்சம் இறக்கினால் பின்னணியின் தூசி பாதி மறையும், மீதியை ஹீலிங் கருவியால் துடைக்கலாம். ஒரே இடத்தில் எல்லாப் படத்திலும் புள்ளி இருந்தால் அது தண்ணீரில் இல்லை, சென்சாரில். நிறத்தை ஏற்றும் பட்டையை மட்டும் கவனமாக நகர்த்துங்கள். விற்பனைக்காக எடுப்பதானால் அதைத் தொடவே தொடாதீர்கள், படத்தில் ரத்தச் சிவப்பாகப் பார்த்துப் பணம் கட்டியவர் வீட்டில் ஆரஞ்சு மீனைப் பிரித்துப் பார்த்தால் சண்டைக்கு வருவார்.

நேரக் கணக்கு: முந்தின நாள் தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் ஒரு மணி நேரம், அன்றைக்கு எல்லாவற்றையும் நிறுத்த முதல் சில முறை ஒரு மணி நேரம், படமெடுக்க அரை மணி. நூறு படம் எடுத்தால் தொண்ணூறு குப்பைக்குப் போகும், கண்ணில் ஃபோகஸ் இல்லாததை யோசிக்காமல் அழியுங்கள்.